புதன்கிழமை வர மாட்டோம்

ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். கேட்காதீர்கள். நீலகிரியில் ஒரு ஏரி, அவ்வளவுதான். ஜனவரியில் கரைப் புல் முழுக்க உறைபனி வெள்ளையாக நிற்கும். மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

தவமலர் சிஸ்டர் எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்து நர்ஸ். நாற்பது வயது இருக்கும். அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்தான் ஏரி. காலை ஆறு மணிக்குத் தூண்டிலோடு உட்காருவார். ஏழரைக்கு எழுந்து டூட்டிக்குப் போவார். பிடித்த மீனைப் பார்ப்பார், திரும்ப விட்டுவிடுவார். நாலு குளிர்காலமாக இதே கதை. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெண்கள், விடறதுக்கு எதுக்கு இந்தக் குளிர்ல பிடிக்கணும், குழம்புக்காவது ஆகும் என்று கிண்டல் செய்வார்கள். சிஸ்டர் சிரித்துவிட்டு, உங்க பிள்ளைக்கு அடுத்த ஊசி எப்போன்னு ஞாபகம் இருக்கா என்று கேட்பார். எல்லாரும் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள்.

புதன்கிழமை மட்டும் ஏரிக்கு வர மாட்டார். புதன் தடுப்பூசி நாள். விடியும்போதே ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு எஸ்டேட் பக்கம் நடந்துவிடுவார்.

ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஒருத்தன் பிளம்ஸ் மரத்தில் ஏறிக்கொண்டான். அவன் அம்மா கீழே நின்று கெஞ்சினாள். சிஸ்டர் மரத்தடியிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டு, கை கழுவி, அவன் இறங்கியதும் ஊசி போட்டார். ஊசி போடும்போது பிள்ளையை மடியில் பிடித்திருக்கிற அம்மாக்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் கவனித்திருக்கிறேன்.

இவ்வளவு பேர் உங்களைப் பார்த்து ஓடுவது கஷ்டமாக இல்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு கால் இருக்கறது எல்லாம் ஓடும். வால் இருக்கறது வரும். அதுக்குத்தான் இங்க உட்கார்றேன்," என்றார்.

சும்மா சொல்லவில்லை. அவரிடம் ஒரு கிட்னி ட்ரே இருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள், வளைந்த ஸ்டீல் தட்டு. ஒடுங்கிப்போனதால் ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று ஒதுக்கியது. அதில் வேகவைத்த மக்காச்சோளம் இருக்கும். ஸ்பூனால் மூன்று தடவை தட்டுவார். தண்ணீர் முதலில் சும்மா கிடக்கும். பிறகு ஒரு இடத்தில் புடைக்கும். பிறகு பத்து இடத்தில். கெண்டைகள். பழுப்பும் தங்கமுமாக முதுகுகள். குளிர்காலத்தில் அவை ஏரியின் ஆழமான ஒரு குழியில் கூட்டமாக ஒதுங்கிக் கிடக்கும், அசையக்கூட சோம்பேறித்தனப்படும். இந்தச் சத்தத்துக்கு மட்டும் வரும்.

எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று போய் நின்றேன். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நேரம். இரண்டு நிபந்தனை போட்டார். ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வரணும். சொல்கிறவரைக்கும் தூண்டிலைத் தொடக் கூடாது.

முப்பத்து மூன்று நாள் தொடவில்லை. புதன்கிழமைகளைக் கழித்துத்தான் சொல்கிறேன். இரண்டு கைப்பிடி சோளம் போடுவது மட்டும்தான் என் வேலை. மூன்றாவது கைப்பிடியை எடுத்தால் கையைத் தட்டிவிடுவார். குளிரில் அதுங்களுக்கு ஜீரணம் ஆகாது என்பார். எனக்குப் பொறுமை கிடையாது. இதுக்கு வீட்டில் கோழி வளர்க்கலாம் என்று முணுமுணுத்தேன். கோழி இவ்வளவு பேசாது என்றார்.

முப்பத்து நாலாவது நாள் தூண்டிலைக் கொடுத்தார். கொக்கியில் பின்பக்கமாக நிற்கும் சின்ன முள்ளை ஃபோர்செப்ஸால் நசுக்கித் தட்டையாக்கியிருந்தார். கழற்றும்போது சதை கிழியாது. தக்கை ரொம்ப நேரம் நின்றது. பிறகு ஒரு நூல் அளவு சாய்ந்தது. இழுத்தேன்.

ஆறு கிலோ இருக்கும். வாலின் மேல்பாதியில் ஒரு பிளவு.

தொடப்போனேன். "கையை நனை. காஞ்ச கையால தொட்டா அது மேல இருக்கற வழுவழுப்பு போயிடும்," என்றார். தண்ணீரில் கையை விட்டதும் எலும்புவரைக்கும் வலித்தது. சிஸ்டர் கொக்கியைக் கழற்றினார். உதட்டில் குத்தின இடத்தில் பஞ்சால் பெட்டாடின் தொட்டு வைத்தார். பிறகு தண்ணீருக்குள்ளேயே அதைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னார். அதுவாகப் போகும்வரை. போயிற்று.

மறுநாள் ட்ரேயைத் தட்டியதும் முதலில் வந்தது அந்தப் பிளவு வால்தான். உதட்டில் பெட்டாடின் கறைகூடப் போகவில்லை. நான் கரையில் குதித்தேன். என் மேல் அதுக்குக் கோபம் இல்லை என்று கத்தினேன். சிஸ்டரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இதை யாரிடமும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கூடப் படித்தவர்கள் எல்லாம் கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து தினமும் ஃபோனில் ஏதாவது வீடியோ போடுவார்கள். எனக்குப் போட ஒன்றும் இல்லாமல் இருந்தது. அந்தச் சனிக்கிழமை ஃபோனை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு போனேன். யாரோ குழந்தைக்குக் காய்ச்சல் என்று சிஸ்டரைக் கூப்பிட்டார்கள், போனார். நானே ட்ரேயைத் தட்டினேன். எனக்கும் வந்தன. எல்லாமே ஃபோனில் விழுந்தது. மூன்று தட்டு, தண்ணீர் புடைப்பது, பிளவு வால், கடைசியில் என் மூஞ்சி.

ராத்திரிக்குள் பதினோராயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ஒருத்தர் மட்டும் மரியாதையாகக் கேட்டிருந்தார். தங்கச்சி, எந்த ஏரி இது, நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று. கூடவே மூன்று கும்பிடு.

பெயரை எழுதினேன். வழியும் எழுதினேன். காலைல ஆறு மணிக்கு வாங்க அண்ணா என்று எழுதினேன். வந்து ஏமாந்துவிடக் கூடாதே என்று இன்னொரு வரியும் சேர்த்தேன். புதன்கிழமை மட்டும் வர மாட்டோம்.

வியாழக்கிழமை விடிகாலை நானும் சிஸ்டரும் இறங்கிப் போனோம். கரையில் உறைபனி இல்லை. வெள்ளையெல்லாம் மிதிபட்டுச் சேறாகியிருந்தது. தண்ணீர் ஓரம்வரை ஜீப் டயர் தடம். அறுந்த நைலான் வலைத் துண்டு ஒன்று புதரில் மாட்டியிருந்தது. விரல் நீளக் குஞ்சுகள் அங்கங்கே கிடந்தன, விறைத்துப்போய். வலையிலிருந்து உதறிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சிஸ்டர் எப்போதும் ட்ரே வைக்கிற பாறையின் மேல் ஒரு எவர்சில்வர் தட்டும் ஒரு ஸ்பூனும் இருந்தன.

தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு சோளம் இல்லை, ஒரு பருக்கை இல்லை. பிசுக்குகூட இல்லை. ஒன்றுமே போடவில்லை. வெறும் சத்தத்துக்கே வந்திருக்கின்றன.

சிஸ்டர் உட்கார்ந்தார். தன் ட்ரேயை மூன்று தடவை தட்டினார். தண்ணீர் அப்படியே கிடந்தது. இன்னொரு தடவை தட்டினார். நான் பக்கத்தில் நின்று அந்தத் தண்ணீரையே பார்த்தேன். மூன்றாவது தடவை ஸ்பூனை எடுத்தபோது எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோனையும் கொடுத்தேன்.

வீடியோவை முழுசாகப் பார்த்தார். பிறகு கீழே எழுதியிருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

"சார்ஜ் கம்மியா இருக்கு," என்றார்.

பிறகு குனிந்து அந்தக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ட்ரேயில் போட்டார். நானும் பொறுக்கப் பார்த்தேன். என் இடுப்பு வளையவில்லை. ஏழரைக்கு எழுந்து டூட்டிக்குப் போய்விட்டார்.

ஒரு அறை விட்டிருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீடியோவை அழித்தேன். அந்த அண்ணனுக்கு எழுதலாம் என்று தேடினேன். கணக்கே இல்லை, மூடிவிட்டான். இரண்டு நாள் ஏரிப் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மேலே ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். கீழே ட்ரே சத்தம் கேட்டது. மூன்று தட்டு. ஓடினேன். பாதி வழியில் வழுக்கி விழுந்தேன், எழுந்து மறுபடி ஓடினேன்.

தண்ணீர் புடைத்தது.

ஒன்று. இரண்டு. எண்ணினேன். ஐந்து. கடைசியாக வந்ததுக்கு வாலில் பிளவு இருந்தது. சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்ரேயைக் கீழே வைத்தார். குனிந்து ஒரு கல்லை எடுத்தார். எறிந்தார்.

கல் முதல் மீனின் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. தண்ணீர் வெடித்த மாதிரி இருந்தது. ஐந்தும் காணோம்.

நான் என்ன பார்த்தேன் என்று எனக்கே புரியவில்லை. அவர் மறுபடி உட்கார்ந்தார். மறுபடி ட்ரேயைத் தட்டினார். வெகுநேரம் கழித்து மூன்று வந்தன, தயங்கித் தயங்கி. மறுபடி கல்.

கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பைத்தியமா சிஸ்டர் உங்களுக்கு?"

"கையை விடு சுகி."

"அதுங்க என்ன தப்புப் பண்ணுச்சு?"

"கூப்பிட்டா வருதுங்க."

"தப்புப் பண்ணது நான். என்னை அடிங்க."

"நீ இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்ட. உனக்கு எதுக்கு அடி?"

என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். மறுபடி தட்டினார். இந்தத் தடவை ஒன்றும் வரவில்லை. நல்லது என்று நினைத்தேன், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது ஒரே ஒரு இடத்தில் தண்ணீர் அசைந்தது. பிளவு வால். எங்களுக்கு நேராக வந்து, வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றது.

சிஸ்டர் எறியவில்லை. கல்லை என்னிடம் நீட்டினார்.

"இது நீ பிடிச்சது."

மாட்டேன் என்று தலையாட்டினேன். ஒரே ஒரு கைப்பிடி போட்டுப் போகவிடலாம், பாவம், இனிமேல் யாரும் வர மாட்டார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார்.

"தூண்டில் குத்தி, மறுநாளே வந்துச்சு," என்றார். "நீ குதிச்ச. நானும் சிரிச்சேன். அன்னைக்கே எனக்குப் பகீர்னு இருந்திருக்கணும்."

மீனைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"இந்த ஊர்ல ஒரு பிள்ளை விடாம ஊசி போட்டிருக்கேன் சுகி. எல்லாம் என்னைப் பார்த்தா ஓடுது. நோய்நொடி இல்லாம நல்லா இருக்குது. இதுங்களை மட்டும் பக்கத்துல வெச்சுக்கணும்னு ஆசைப்பட்டேன்."

கல்லை என் உள்ளங்கையில் வைத்தார். பனியில் கிடந்த கல். சுட்டது. மீன் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதன் உதட்டில் நான் குத்தின இடம் சின்ன வெள்ளைப் புள்ளியாக ஆறியிருந்தது. கையை ஓங்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பக்கத்துல விழணும். மேல படக் கூடாது. கண்ணைத் திற," என்றார். "பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறவங்க மூடிக்கலாம். போடறவங்க மூட முடியாது."