பேசாத தொண்ணூற்றெட்டு

"எல்லா ஜீனையும் படிச்சுப் பாத்தாச்சு மேடம். ஒண்ணுமே இல்ல," என்றார் இருதயராஜ்.

அவர் குழந்தைகளுக்கான அறுவை மருத்துவர். வயது ஐம்பத்திரண்டு. மதுரையில் மரபியல் ஆய்வகம் நடத்தும் ஷமீலாவுக்கு முப்பத்துநான்கு. சனிக்கிழமைதோறும் இருதயராஜ் அவரிடம் பாடம் கேட்க வருவார்.

ஷமீலா அறிக்கையை வாங்கிப் பார்த்தார்.

கோவில்பட்டிப் பெண். பெயர் செண்பகவல்லி. பதினேழு வயதாகியும் வயதுக்கு வரவில்லை. கருப்பை இருக்கிறது. சினைப்பை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் நார் போன்ற திசு. குரோமோசோம் ஆண்களுக்கு இருப்பதுபோல எக்ஸ், ஒய். அந்தத் திசுவில் புற்று வரக்கூடும் என்று இருதயராஜ் போன மாதம்தான் அதை அகற்றியிருந்தார்.

"அந்தப் பொண்ணு என்ன கேக்குறா?"

"ஏன் இப்படின்னு கேக்குறா. அவ அம்மா அதைக்கூடக் கேக்கல. மாசமா இருக்கும்போது கிரகணத்தன்னிக்கு அருவாமனையில காய் நறுக்கினேன், அதான்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. மகளை நிமிந்து பாக்க மாட்டேங்கிறாங்க."

ஷமீலா அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"மொத்தத்துல நீங்க படிச்சது எவ்வளவு சார்?"

"புரதம் செய்யுற பகுதி. நூத்துக்கு ரெண்டு."

"மிச்சம்?"

"அது எதையும் செய்யுறதில்லையே. சும்மா கிடக்கு."

ஷமீலா ஒரு பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அறிக்கையின் கடைசி வரியில் விரல் வைத்தார். 'காரணம் எதுவும் இல்லை.'

"இதுக்கு முன்னால 'பாத்த இடத்துல'ன்னு சேத்து எழுதுங்க சார்."

இருதயராஜுக்குக் காது சூடானது. ஆனாலும் எழுதினார்.

செண்பகத்தின் ரத்தம் மறுபடி வந்தது. அவள் அப்பா, அம்மா ரத்தமும் வந்தது. இந்த முறை டிஎன்ஏவில் ஓர் எழுத்தும் விடாமல் படித்தார்கள். ஒன்பது சனிக்கிழமைகள் இருதயராஜ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

பத்தாவது சனிக்கிழமை ஷமீலா திரையில் ஓர் இடத்தைக் காட்டினார்.

"இங்க ஒரு துண்டு இல்ல சார்."

"இங்க ஜீனே கிடையாதே!"

"கிடையாதுதான். விந்தகத்தை உருவாக்குற ஜீன் ஆறு லட்சம் எழுத்து தள்ளி இருக்கு. அதுல ஒரு எழுத்துகூடப் பிசகல. கருவுல ஏழாவது வாரம் அதை எழுப்பிவிடுற இடம் இதுதான். இது போயிருச்சு. அது எழும்பல. விந்தகம் உருவாகல, உடம்பு பொண்ணா வளந்துச்சு."

இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்த வெற்றிடத்தையே பார்த்தார்.

"இத்தனை தூரத்துல இருந்து... சரியா அந்த வாரத்துல..."

"ஆமா சார்."

"சும்மா கிடக்குன்னு காலேஜ்ல இருபது வருஷம் பாடம் நடத்தியிருக்கேன் மேடம்."

"எனக்கும் அப்படி ஒருத்தர் நடத்தினார் சார்."

அன்று மாலை தாயும் மகளும் வந்தார்கள். "நீங்களே சொல்லுங்க," என்றார் ஷமீலா.

இருதயராஜ் தாயின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, இது உங்ககிட்டயும் இல்ல, அவ அப்பாகிட்டயும் இல்ல. இவளுக்குப் புதுசா நேர்ந்தது. யார் செஞ்சதாலயும் இல்ல. கிரகணத்துக்கும் அருவாமனைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அந்த அம்மா செல்போனை எடுத்தார். வீட்டுக்காரரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார். வீட்ல எல்லாரும் கேக்கட்டும்."

இருதயராஜ் மறுபடி சொன்னார். அம்மா மகளின் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

செண்பகம்தான் கடைசியில் வாய் திறந்தாள்.

"அந்தத் துண்டு இருந்திருந்தா நான் பையனாப் பொறந்திருப்பேனா டாக்டர்?"

"இருக்கலாம்மா."

"அப்ப இப்ப நான் யாரு?"

இருதயராஜ் ஷமீலாவைப் பார்த்தார்.

ஷமீலா திரையை அணைத்தார். எழுந்து வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நூத்துக்கு நூறும் படிச்சிட்டோம் கண்ணு. நீ யாருன்னு அதுல எங்கயும் எழுதியில்ல. நீ சொல்லு."