படுத்தான்மலைக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

படுத்தானூருக்கு நீங்கள் இதுவரை போனதில்லையா? ரொம்ப நல்லது. போனவர்கள் திரும்பி வரும் வழியை அந்த ஊர்க்காரர்களிடம்தான் கேட்டார்கள். இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

ஊருக்கு எதிரே ஒரு மலை. ஒரு ஆள் மல்லாக்கப் படுத்து வானத்தைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். நெற்றி, மூக்கு, தாடை, தொப்பை எல்லாம் அதது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். அதனால் படுத்தான்மலை. பஸ் போகிற தார்ச்சாலையிலிருந்து ஊருக்கு இரண்டு மைல் மண்பாதை. ஒரு பக்கம் வாய்க்கால், கண்ணுக்கு எதிரே மலை.

இந்த ஊரில் ஒரு சங்கம். ‘கூட்டு விவசாய, அழகுப்பாதை, திறந்தவெளி உல்லாச நலச் சங்கம்’ என்று பேர். அந்தப் பேரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவர் ஒச்சப்பன் ஒருவர்தான், அதனால் அவர் தலைவர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் கொண்டல்சாமி, அதனால் அவர் செயலாளர். மொக்கராசு எதையும் முதலில் செய்துவிட்டு அப்புறம் என்னவென்று கேட்கிறவன். பவளக்கொடிக்கு வாய் கொஞ்சம் நீளம். இவர்கள் போக, தலையாட்டுவதற்கு மூன்று பேர். ஆக ஏழு.

சங்கத்திடம் பொதுத்தோட்டம் போட மூன்று ஏக்கர் புறம்போக்கு இருந்தது. அதன் மூலையில்தான் பவளக்கொடியின் குடிசை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு அந்த மண்ணை விட்டால் வேறு போக்கில்லை. செங்கல் சூளைக்காரர் ஒருவர் அந்த இடத்தைத் தனக்குக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

ஆடி மாதம், சங்கத்துக்கு அந்த நிலத்தை ஒதுக்கிக்கொடுத்த அதிகாரி அம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கொண்டல்சாமி அதைப் படித்து முடிக்க ஒரு முழு நாள் ஆனது.

“எல்லா வேலையையும் எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டும். ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே வந்து பொழுதைக் கழிக்க வேண்டும். போகிறவர் வருகிறவர் நின்று பார்க்கும்படி பாதை அழகாக இருக்க வேண்டும். வைகாசியில் நேரில் வருவேன். அன்று பொதுத்தோட்டத்துக் காயில் எனக்குச் சாப்பாடு போட வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் நிலம் சூளைக்குப் போய்விடும்.”

பவளக்கொடி கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எய்யா, ஒரு எழுத்துக்கூட விடாம அந்தம்மா சொன்னபடி செஞ்சுபுடுங்க. எம் பொழைப்பே இதுலதான் இருக்கு” என்றாள்.

அந்த வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் தோட்டத்தில் வேலை ஆரம்பம். ஒச்சப்பன் மண்வெட்டியை ஓங்கினார். கொண்டல்சாமி ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, என்ன காரியம் பண்ணப் பாத்தீங்க? எல்லாரும் சேர்ந்துன்னு எழுதியிருக்கு.”

“நல்ல வேளை தடுத்தய்யா!”

ஏழு பேரும் ஒரே மண்வெட்டியைப் பிடித்தார்கள். பதினாலு கை பிடித்ததில் காம்பே தெரியவில்லை. ஒரு குழி வெட்ட இரண்டு நாள். ஒரு பூசணி விதையை ஏழு பேரும் விரல் நுனியில் சேர்த்துப் பிடித்து உள்ளே வைக்க அரை நாள். அதில் பாதி நேரம், உள்ளே போனது விதையா மொக்கராசுவின் சட்டைப் பித்தானா என்று தோண்டிப் பார்ப்பதில் போனது. விதைப்பு முடிகிற நேரத்தில் மூன்று ஏக்கரில் ஒன்பது குழி தேறியது.

அடுத்து, வெளியே வந்து பொழுதைக் கழிப்பது. “வீட்டுக்குள்ள பொழுதைக் கழிக்கிற சாமானெல்லாம் வெளிய இருந்தாத்தான ஜனம் வெளிய வரும்?” என்றார் ஒச்சப்பன். நியாயமாகத்தான் பட்டது. கட்டில், பீரோ, ஆட்டுரல், டிவி எல்லாம் தெருவுக்கு வந்தன. ஊரே தெருவில் குடித்தனம் நடத்தியது. நாலு நாளில் தெருவில் கால் வைக்க இடமில்லை. வீடுகளுக்குள்ளேயோ காற்றோட்டமாக, விசாலமாக, ஒரு சாமானும் இல்லாமல் கிடந்தது.

“காலாற நடக்கணும்போல இருக்கு, கொஞ்சம் வீட்டுக்குள்ள போயிட்டு வாரேன்” என்று ஜனங்கள் உள்ளே போய் உலாத்த ஆரம்பித்தார்கள். கொண்டல்சாமி வீட்டுக் கூடத்தில் கபடிப் போட்டியே நடந்தது.

கார்த்திகையில் ஒன்பது குழியும் சேர்ந்து நாற்பத்திரண்டு சாம்பல் பூசணி கொடுத்தன. பவளக்கொடி குடிசையில் அடுக்கிவைத்து, தினமும் காலையில் தடவிப் பார்த்தாள். அவற்றில் ஒன்று வைகாசியில் குழம்பாகிவிட்டால் அவளுடைய மண் அவளுக்கு.

பாக்கி இருந்தது பாதைதான். ஏழு பேரும் போய்ப் பார்த்தார்கள். மலை தகதகவென்று இருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதோடு விட்டிருக்கலாம். பவளக்கொடிக்குத்தான் முகம் சுருங்கியது.

“இம்புட்டு அழகா இருக்கே. வாரவன் போறவன் எல்லாம் நின்னு பாத்தா என்னத்துக்காகும்?”

“என்னத்துக்காகும்?” என்றான் மொக்கராசு.

“கண்ணு பட்டுரும்டா! எங்க அக்கா மகன் கொழுகொழுன்னு இருந்தான். நாலு பேர் பாத்தாங்க, மறுநாளே வயித்தால போச்சு.”

எல்லாரும் பயந்துபோய் மலையைப் பார்த்தார்கள்.

“மலைக்கு வயித்தால போனா ஊர் தாங்காதே” என்றார் ஒச்சப்பன்.

“கன்னத்துல ஒரு மைப்பொட்டு வெச்சா சரியாப்போச்சு” என்றாள் பவளக்கொடி.

சரி, எந்தக் கன்னத்தில்? இங்கேதான் சங்கத்தில் முதல் முறையாகப் பிளவு வந்தது.

“நம்ம பக்கம் தெரியிறது வலது கன்னம்” என்றார் கொண்டல்சாமி.

“அது நமக்கு வலதா, மலைக்கு வலதா?”

“தலை கெழக்கால கெடக்கு, காலு மேக்கால கெடக்கு. அப்ப...”

“நான் படுத்துக் காட்டுறேன்” என்று மொக்கராசு பாதை நடுவில் மல்லாந்தான். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் இறங்கி, என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இடது” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவரும் அந்த ஊர்தான்.

இரண்டு பானை நிறைய விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் சுமந்துகொண்டு மலை ஏறினார்கள். உச்சிக்குப் போனதும் திகைத்து நின்றார்கள். பாறை இருந்தது, புல் இருந்தது, ரெண்டு ஆடும் இருந்தது. கன்னத்தைத்தான் காணோம்.

“ஏறும்போது இங்கனதான இருந்துச்சு மலை?” என்றார் ஒச்சப்பன்.

கீழே இறங்கிப் பார்த்தார்கள். மலை அதே இடத்தில் இருந்தது. ஏறிப் பார்த்தார்கள், காணோம். இறங்கினார்கள், இருந்தது. இப்படி ஏழு தடவை. எட்டாம் தடவை காலில் தெம்பில்லாமல் விழுந்த இடத்திலேயே பானையைக் கவிழ்த்துவிட்டு வந்தார்கள். பாதையிலிருந்து பார்த்தால் மூக்கு நுனியில் கன்னங்கரேலென்று ஒரு பொட்டு.

“மூக்குத்தி போட்ட மாதிரி அம்சமா இருக்கு” என்றான் மொக்கராசு.

பவளக்கொடி தலையில் கைவைத்தாள். “அடப் பாவிகளா, முன்னைக்கு இப்பத்தான இன்னும் அழகா இருக்கு! பொட்டுக்கு அடங்காது இது. பூசணிக்காயே உடைக்கணும்.”

பொட்டுவைத்த மலையைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து உண்மையிலேயே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் வந்து, “ஆகா!” என்றால் போதும், ஒச்சப்பன் ஒரு பூசணியில் ஓட்டை போட்டு, குங்குமம் கொட்டி, மலையைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றி, அவர் நின்ற இடத்திலேயே போட்டு உடைப்பார். பாதை நெடுக உடைத்தார்கள். சங்கத்தார் முறை தெரிந்தவர்கள். திருஷ்டி கழித்த காயைத் திரும்பிப் பார்க்கக் கூடாது அல்லவா? அதனால் அந்தப் பாதையில் போகும்போதும் வரும்போதும் முகத்தை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டுதான் நடப்பார்கள்.

தை, மாசி, பங்குனி, சித்திரை போயிற்று. நடக்கும்போது மொக்கராசுவின் காலில் என்னவோ சுற்றி, தினம் ஒரு தடவை குப்புற விழுந்தான். “திருஷ்டி காலைப் புடிச்சு இழுக்குதுண்ணே” என்பான். கீழே மட்டும் பார்க்கவே மாட்டான். விழும்போதுகூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுவான்.

வைகாசி வந்தது. குடிசையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பூசணி. பவளக்கொடி அதைக் கட்டிலுக்கடியில், கந்தல் புடவையில் சுற்றி வைத்திருந்தாள்.

அதிகாரி அம்மா ஸ்கூட்டரில் வருகிற செய்தி கிடைத்ததும் தோட்டத்தில் ஏழு பேரும் கூடினார்கள். பவளக்கொடி அடுப்பு மூட்டி, தயிரைக் கடைந்து மோராக்கி, தேங்காய் அரைத்துவைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் குனிந்தாள். வெறும் கந்தல் இருந்தது.

“அண்ணே! காய் எங்கண்ணே?”

ஒச்சப்பன் பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினார். “இப்பத்தான் தங்கச்சி பாதை முனையில உடைச்சிட்டு வாரேன். சாதாரண ஜனத்தோட கண்ணுக்கே ஒரு காய். அதிகாரி கண்ணுன்னா சும்மாவா?”

பவளக்கொடி கந்தலை ஒரு தடவை உதறிப் பார்த்தாள். போய் ஒரு வெறும் குழியில் உட்கார்ந்து, மண்ணை ஒரு கை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். “இந்த அளவாச்சும் எடுத்துக்கிறேன், சூளைக்காரன் வர்றதுக்குள்ள” என்றாள். தலையாட்டுகிற மூன்று பேரும் முதல் தடவையாகத் தலையாட்டாமல் நின்றார்கள்.

ஸ்கூட்டர் வந்து நின்றது. அதிகாரி அம்மாவின் முகத்தில் வியர்வை, வாயில் சிரிப்பு.

“என்னய்யா இது! பாதை நெடுக ரெண்டு மைலுக்குப் பூசணிக்கொடி! ரெண்டு பக்கமும் மஞ்சப் பூ, கொடிக்குக் கொடி காய்! எத்தனையோ ஊர் பாத்துட்டேன், இந்த மாதிரி ஒரு பாதையை நான் பாத்ததேயில்ல. யார் நட்டது?”

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“நாங்க நடலீங்கம்மா” என்றார் ஒச்சப்பன்.

“பின்ன?”

“உடைச்சோம்.”

“எத்தனை?”

“நாப்பத்திரண்டு. கடைசிக் காய் உங்களுக்குத்தான் உடைச்சோம்.”

“வாய்க்கால் ஓரமா உடைச்சிருக்கீங்க, விதை முளைச்சிருக்கு. அஞ்சு மாசமா அந்த வழியாத்தான போறீங்க வாரீங்க? பாக்கலையா?”

“பாக்கக் கூடாதுங்களே” என்றான் மொக்கராசு, முழங்கால் சிராய்ப்பைத் தடவிக்கொண்டு.

அந்த அம்மா பேனாவை மூடிவிட்டு, கொஞ்ச தூரம் நடந்துபோய், ஒரு வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஏழு பேரும், பாவம், மரத்துக்கிட்ட என்னவோ குறை சொல்லி அழுகிறது என்று நினைத்துக் கும்பிட்டபடி நின்றார்கள்.

திரும்பி வந்து, “போய் ஒரு காய் பறிச்சிட்டு வாங்க, பசிக்குது” என்றது. ஏழு பேரும் போனார்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி ஒரு காயைப் பறித்து, ஏழு பேருமாகச் சேர்ந்து தூக்கி வந்தார்கள். பவளக்கொடி மடியிலிருந்த மண்ணைக் குழியிலேயே தட்டிவிட்டு எழுந்து மோர்க்குழம்பு வைத்தாள். அதிகாரி அம்மா மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டு, கைகழுவி, கையெழுத்துப் போட்டது.

“பவளக்கொடி, இந்தப் பாதை அழகு கெடாம இருக்கிற வரைக்கும் இந்த நிலத்தை யாரும் தொட மாட்டாங்க. சந்தோஷமா?”

சந்தோஷம்தான். ஸ்கூட்டர் மறைகிறவரைக்கும் சந்தோஷம்தான்.

“இருக்கிற வரைக்கும்னு சொல்லிட்டுப் போகுதே” என்றாள் பவளக்கொடி மெதுவாக. “ஒரு மலைக்கே நாப்பத்திரண்டு காய் செலவாச்சு. இப்பப் பாதைக்கும் கண்ணு படுமே. உடைக்கலாம்னா, அந்தக் காய்தான பாதைக்கே அழகு?”

சங்கம் உட்கார்ந்து விடியவிடிய யோசிக்காமல், வெகு சீக்கிரத்திலேயே ஒரு முடிவுக்கு வந்தது. மறுநாளே பாதையின் இரண்டு முனையிலும் பலகை ஏறியது. கொண்டல்சாமி தன் கையாலேயே எழுதினார்:

‘மிக அழகான பாதை. யாரும் பார்க்க வேண்டாம்.’

இப்போது வெளியூர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். முனையில் மொக்கராசு நின்று, ஒவ்வொருவர் கண்ணிலும் ஒரு துண்டைக் கட்டி, வரிசையாகக் கைகோக்க வைத்து அழைத்துப் போகிறான். “இந்தா, உங்க வலது பக்கம் பூ இருக்கு, ரொம்ப அழகு. இடது பக்கம் காய் இருக்கு, அதைவிட அழகு” என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடக்கிறான். அவன் கண்ணிலும் துண்டுதான். வாய்க்காலுக்குள் விழுந்தவர்களைக் கேட்டால், குளிர்ச்சியான ஊர் என்கிறார்கள்.

கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குள்ளேயே வரும்படி ஒரு மினி பஸ்ஸும் விட்டார்கள். பயணிகளுக்குத் துண்டு கட்டியாகிவிட்டது, கண்டக்டருக்கும் கட்டியாகிவிட்டது. டிரைவர் மட்டும், கண்ணைக் கட்டினால் வண்டி ஓட்ட முடியாது என்று ஒரே பிடிவாதம். வெளியூர் ஆள், சொன்னால் புரியவில்லை. கடைசியில் சங்கமே இறங்கிவந்து, போகட்டும், ஒரு கண்ணை மட்டும் திறந்துகொள்ளலாம் என்று தீர்மானம் போட்டது.

அது வலது கண்ணா, இடது கண்ணா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. பஸ் முனையிலேயே நிற்கிறது. டிரைவரைப் பாதை நடுவில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஏழு பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.