பளபளப்பு மிச்சமிருந்த இடம்

மலைமேல் ஒரு விடுதி. அதன் குளியலறையில் ஒரு தொட்டி இருந்தது. இரும்பில் வார்த்து, மேலே வெள்ளைப் பீங்கான் பூச்சு ஏற்றிய கனமான தொட்டி. தொட்டியை வைத்த பிறகுதான் சுவரையே கட்டினார்கள். அதனால் வாசல் வழியாக அது முழுசாக வெளியே போக முடியாது. போனால் துண்டு துண்டாகத்தான் போக வேண்டும்.

விடுதிக்கு வந்தவர்கள் யாரும் அதில் சாய்ந்து படுத்துக் குளித்ததில்லை. தொட்டிக்குள் வாளியை வைத்து, மக்கில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வார்கள். வாளி உரசி உரசி அடிப்பக்கம் சொரசொரத்துப் போயிற்று. குழாய் சொட்டிய இடத்தில் துருக் கோடு விழுந்தது. விளிம்பில் இரண்டு இடம் சில்லுப் பெயர்ந்தது. முதுகு சாய்க்க என்று செய்த சரிவு மட்டும், எந்த முதுகும் படாததால், வந்த அன்று இருந்ததுபோலவே மின்னியது.

விடுதிக்காரி ஜெசிந்தா ஒருநாள் சம்மட்டியைக் கொண்டுவந்து வாசலில் சாத்தினாள்.

"பயப்படாதே, எனக்கு ஒன்றும் அவசரமில்லை. கிறிஸ்துமஸுக்கு ஆள் வருவதற்குள் முடித்தால் போதும்" என்றது சம்மட்டி.

அதற்குள் பூச்சு வேலை செய்கிற செங்கோடன் வந்து சேர்ந்தார். "உடைக்காதீங்கம்மா. மேல புதுசா பூச்சு ஏத்தித் தர்றேன். புதுத் தொட்டி கணக்கா இருக்கும்."

"ஒரு தடவைதான் செங்கோடா. உரிஞ்சு வந்துச்சுன்னா அப்புறம் பேச்சே கிடையாது, சம்மட்டிதான்."

செங்கோடன் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார். முதலில் பக்கத்திலிருந்த வாஷ்பேசினைத் தேய்த்துவிட்டுத் தொட்டியிடம் வந்தார்.

"மிச்சம் இருக்கிற மினுமினுப்பையும் எடுத்துவிடுவேன். மழமழவென்று இருந்தால் பூச்சு நிற்காது" என்றது உப்புத்தாள்.

"துருவைத் தேய். சில்லைத் தேய். அடிப்பக்கத்தை உன் இஷ்டத்துக்குத் தேய். சரிவை மட்டும் விட்டுவிடு" என்றது தொட்டி.

"ஏன்?"

"நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது."

வாஷ்பேசின் சிரித்தது. "என் மூஞ்சி முழுக்கத் தேய்த்தாயிற்று. நான் ஏதாவது சொன்னேனா? பெரிய மகாராணி இவள்."

"உனக்கென்ன, இழப்பதற்கு ஏதாவது மினுமினுப்பு இருந்தால்தானே" என்றது தொட்டி.

உப்புத்தாளுக்கு மனசு இளகிவிட்டது. செங்கோடனும் சரிவைத் தடவிப் பார்த்து, "இது நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

பூச்சு ஏறியது. மூன்று நாள் தண்ணீர் படாமல் காய்ந்தது. பூச்சு என்பது அப்படித்தான். போட்ட புதிதில் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்ட மாதிரிதான் தெரியும்.

இருபதாம் நாள் சரிவில் ஒரு கொப்புளம் எழும்பியது. மறுநாள் அது உள்ளங்கை அகலம் ஆனது. ஜெசிந்தா நகத்தால் கீறினாள். வெங்காயத் தோல்போல உரிந்து வந்தது.

"எவ்வளவு பாடுபட்டேன், ஏன் விட்டுவிட்டாய்?" என்று தொட்டி பூச்சைக் கேட்டது.

"நான் எங்கே விட்டேன்? துருப்பிடித்த இடம் என்னைப் பிடித்துக்கொண்டது. சில்லுப் பெயர்ந்த இடம் பிடித்துக்கொண்டது. இங்கே மட்டும்தான் என்னைப் பிடிக்க ஒன்றுமே இல்லை" என்றது பூச்சு.

செங்கோடனை வரச் சொன்னார்கள். ஜெசிந்தா சம்மட்டியைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள்.

"ஒரு நிமிஷங்கம்மா." அவர் உரிந்த தோலைப் பிடித்து இழுத்தார். சரிவு முடிகிற இடம்வரை வந்து, அங்கே சட்டென்று நின்றது. அதற்குமேல் எவ்வளவு இழுத்தும் வரவில்லை. "நீங்களே இழுத்துப் பாருங்க."

அவளும் இழுத்தாள். வரவில்லை. "கெட்டுப்போன இடத்துல நிக்குது, நல்லா இருந்த இடத்துல உரியுது. என்னப்பா கூத்து இது?"

"நல்லா இருக்கேன்னு விட்டுட்டேங்கம்மா. தப்பு என்னோடதுதான். இன்னைக்கு ஒரு நாள் குடுங்க."

ஜெசிந்தா தொட்டியைப் பார்த்தாள். விளிம்பில் சில்லுப் பெயர்ந்திருந்த இடத்தை விரலால் தேடினாள், கிடைக்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள முடி" என்று சம்மட்டியைக் கீழே வைத்தாள்.

செங்கோடன் உப்புத்தாளைச் சரிவில் வைத்து அழுத்தினார். நாலு இழுப்பில் பழைய மினுமினுப்பு வெள்ளைத் தூளாக உதிர ஆரம்பித்தது. உப்புத்தாளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"போதுமா?" என்று மெதுவாகக் கேட்டது.

"இன்னும் தேய்" என்றது தொட்டி.