முதல் பஸ் விருந்தாளி

நெடுங்கரையில் பார்ப்பதற்கு மொத்தம் ஐந்துதான். குளம், அம்மன் கோயில், பாறைக் குகை, இடிந்துபோன நெல் கிட்டங்கி, செவ்வாய்ச் சந்தை. தில்லைநாயகம் இந்த ஊர் மடத்துக்கு வந்த முதல் வாரமே ஐந்தையும் அரை நாளில் பார்த்து முடித்துவிட்டார். அதற்கப்புறம் ஏழு வருஷம். மனுஷர் மடத்துப் பின்கட்டு அறையை விட்டு வெளியே வந்தால்தானே!

மடத்தில் குருவாக இருந்தவர் நாச்சியாரம்மை. வயது நாற்பத்திரண்டு. சீடருக்கோ ஐம்பத்தாறு. தாலுகா ஆபீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு, தன்னைவிடச் சின்னவரிடம் ஞானம் கேட்டு வந்தவர். அவர் அம்மையைத் ‘தாயே’ என்பார். அம்மை அவரை ‘ஐயா’ என்பார்.

ஒரு சாயங்காலம் தில்லைநாயகம் வந்து முன்னால் நின்றார்.

“தாயே, எனக்கு விடை குடுங்க. காசிப் பக்கம் போறேன்.”

“ஏன் ஐயா?”

“இங்க இனிமே பாக்க ஒண்ணும் இல்ல. உள்ளுக்குள்ள காஞ்சுபோய்க் கிடக்கேன்.”

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“நாளைக்கு முதல் பஸ்ல ஒரு விருந்தாளி வாராரு. அவருக்கு ஊரைக் காட்டணும். அதுக்கப்புறம் பேசுவோம்.”

“இந்த ஊர்ல காட்ட என்ன தாயே இருக்கு?”

“அது விருந்தாளி பாடு. நீங்க விடியுமுன்ன பெரிய ரோட்டுல நம்ம ஊருக்குப் பிரியுற விலக்குக்கு நடந்துபோய் அந்த பஸ்ல ஏறிக்கிடுங்க. ஊர் வந்ததும் முதல் ஆளா இறங்கி நில்லுங்க.”

தில்லைநாயகத்துக்கு ஒரு சங்கதி தெரியாது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நாட்டுகிற நாளில், முதல் பஸ்ஸிலிருந்து முதலில் மண்ணில் கால் வைக்கிறவர் யாரானாலும் சரி, நெடுங்கரைக்கே விருந்தாளி. பெற்ற பிள்ளையே இறங்கினாலும் முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல ‘எந்த ஊரு?’ என்றுதான் கேட்பார்கள். பகல் முழுக்க ஊரைச் சுற்றிக் காட்டி, சாயங்கால பஸ்ஸில் ஏற்றி அனுப்பின பிறகுதான் கால் நடுவார்கள். ஏழு கொடைக்கும், மேளச் சத்தம் ஆகாது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது!

மறுநாள் பஸ் வந்து நின்றது. குளத்து மேலே பனி இன்னும் கலையவில்லை. தில்லைநாயகம் முதலில் இறங்கி, பின்னால் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தார். யாரோ அவர் காலில் செம்புத் தண்ணீரை ஊற்றினார்கள்.

“வாங்க, வாங்க. எந்த ஊரு உங்களுக்கு?”

கேட்டது பால்காரம்மா. ஏழு வருஷமாக மடத்துக்குப் பால் கொண்டுவருகிறவள்.

“என்னம்மா, என்னைத் தெரியலையா? நான் மடத்துல இருக்கேன்.”

“மடமா? அது எங்க ஊர் மடம்லா! காட்டுதோம், காட்டுதோம். முதல்ல காப்பி குடிங்க.”

கூடி நின்றவர்கள் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. டீக்கடை சுயம்பு, “ஐயா நல்ல தூரத்துல இருந்து வந்திருப்பாரு போல” என்றார். தில்லைநாயகத்துக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. “எல்லாருக்கும் கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்று கத்தினார். “வெளியூர்க்காரர், அலுப்பா இருப்பாரு” என்று ஒரு பனையோலை விசிறியைக் கையில் கொடுத்தார்கள். அப்புறம் எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் தனியாகக் கோபப்பட முடியும்? கூட நடந்தார்.

சந்தையில் கருப்பட்டியை உடைத்து மூன்று வாயாகக் கொடுத்தார்கள். ஒன்று மழைக்கு முந்திக் காய்ச்சியது, ஒன்று மழைக்குப் பிந்தியது, ஒன்று கோபக்கார மாமியார் காய்ச்சியது என்றார்கள். மூன்றும் வேறு வேறு ருசி. அடடா, இத்தனை நாளும் கருப்பட்டி என்றால் கருப்பட்டி என்றல்லவா இருந்தோம் என்று நினைத்தார்.

குளத்தங்கரையில் அவரை மடைக்கல் மேல் படுக்கச் சொன்னார்கள். காதுக்குக் கீழே தண்ணீர் ஓடியது. பக்கத்து அறையில் இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே கிடந்தார். தூங்கினாரா, விழித்திருந்தாரா, அவருக்கே தெரியாது. கண்ணைத் திறந்தபோது வெயில் இடம் மாறியிருந்தது. யாரோ முகத்துக்கு நேரே துண்டைப் பிடித்து நிழல் கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.

மத்தியானத்துக்கு மேல் பால்காரம்மா அவரைப் பாறைக்குக் கூட்டிப்போனாள். குகைக்கு இல்லை, அதன் முதுகுப் பக்கம். அங்கே நின்று எதிர்ப்பாறையைப் பார்த்து ஒரு பேரைக் கூப்பிட்டால் அது திருப்பிச் சொல்லும். ஊரில் யாருக்கு யார் நினைப்பு வந்தாலும் இங்கே வந்து கூப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

“லெச்சுமீ!” என்று கூப்பிட்டாள்.

லெச்சுமீ என்றது பாறை.

“யாரும்மா அது?”

“எங்க பசு. போன ஐப்பசில செத்துப்போச்சு.”

போன ஐப்பசியில்தான் ‘பால் ஏன் தண்ணியா இருக்கு?’ என்று தில்லைநாயகம் அவளிடம் எரிந்து விழுந்திருந்தார்.

அவள் பாறையில் உட்கார்ந்து, வெளியூர்க்காரரிடம் ஊர்க்கதை சொல்கிற தோரணையில் பேசினாள். “எங்க மடத்துல ஒரு ஐயா இருக்காரு. சீனி போட்டா பால் குடிக்க மாட்டாரு. ஏழு வருஷத்துல ஒரு நாள் என் முகத்தை நிமிந்து பாத்தது கிடையாது. நல்ல மனுஷன்தான், பாவம், எதையோ தொலைச்சுட்டுத் தேடுத மாதிரியே இருப்பாரு. அவரை ஒரு நாள் இங்க கூட்டிட்டு வந்து உக்கார வைக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.”

தில்லைநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. பிறகு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து, “உங்க பேரு என்னம்மா?” என்று கேட்டார்.

“பிரமாச்சி.”

எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, எதிர்ப்பாறையைப் பார்த்துக் கூப்பிட்டார். பாறை அந்தப் பேரை அப்படியே திருப்பிச் சொன்னது. பிரமாச்சி சின்னப் பிள்ளை மாதிரி கைகொட்டிச் சிரித்தாள்.

வெயில் தாழ அவரை மடத்துக்கும் கூட்டிவந்து காட்டினார்கள். அம்மை வாசலுக்கு வந்து, “எந்த ஊரு ஐயாவுக்கு?” என்று கேட்டார்.

காலையிலிருந்து நூறு தடவை பதில் சொன்னவர்தான். இப்போது புதுசாக வந்தவர் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தார்.

சாயங்கால பஸ் வந்துவிட்டது. ஊரே கூடி நின்றது. ஒருத்தர் பனங்கிழங்குக் கட்டைக் கொடுத்தார், ஒருத்தர் புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தார். கோயில் வாசலில் குழி வெட்டி, நடவேண்டிய காலுக்கு மஞ்சள் பூசித் தயாராக வைத்திருந்தார்கள். விருந்தாளி ஏறினால்தான் நட முடியும்.

அந்த விருந்தாளி தான்தான், இந்த பஸ்ஸில் போயாக வேண்டும் என்று தில்லைநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மையிடம் ஓடிவந்தார்.

“தாயே, நான் போகல. என்னை ஏத்திவிடாதீங்க. எனக்கு இந்த ஊரை விட்டுப் போக மனசே இல்ல.”

“நேத்து விடை கேட்டீங்களே ஐயா. இந்தாங்க, குடுத்தாச்சு. ஏறுங்க.”

டிரைவர் ஹாரன் அடித்தார். தில்லைநாயகம் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“போகணும்னு நேத்து துடிச்சேனே, அப்பவே ஏன் குடுக்கல?”

அம்மை பனங்கிழங்குக் கட்டை அவர் கக்கத்தில் ஒழுங்காகச் செருகிவிட்டார்.

“நேத்து நீங்க இங்க இல்லையே ஐயா. இல்லாத ஆளை எப்படி வழியனுப்புறது?”