கீரைக்காரிகளின் பெரிய வியாபாரம்

நூறு சுமைக்கு மேல் சரக்கு கொண்டுவரும் பெரிய வியாபாரிக்குச் சுங்கம் கிடையாது என்று ராஜா சட்டம் போட்டிருந்தார். அந்த வியாபாரியால்தான் ஊர் செழிக்கிறதாம். ஒற்றைக் கூடையோடு வருகிறவர்கள்தான் கட்ட வேண்டும். கட்ட முடியாத கீரைக்காரி செங்கமலத்தின் கூடையைச் சுங்க அதிகாரி ஒருநாள் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் சந்தைக்கு வரும் அத்தனை பெண்களையும் அவள் கூடைகளோடு சுங்கச்சாவடிக்கு ஒன்றாகக் கூட்டிவந்தாள்.

"நூறு சுமைக்கு மேலேயே இருக்குங்க. எல்லாம் ஒரே வியாபாரம், நாங்க கூட்டாளிங்க. வழி விடுங்க."

சட்டப்படி அதிகாரியால் தடுக்க முடியவில்லை. "எல்லாரும் இப்படிச் சும்மா போனா கஜானாவை யாரு நிரப்புறது?" என்று கத்தினார்.

"இத்தனை நாளா நிரப்புனது நாங்கதான்னு இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே," என்றாள் செங்கமலம். "பின்னால பெரிய வியாபாரியோட வண்டிங்க வருது. இனிமே அவர்கிட்ட கேளுங்க."

பெண்கள் உள்ளே போனார்கள். கஜானா காலியாகத் தொடங்கியதும், ராஜாவே பெரிய வண்டிகளை நிறுத்திச் சுங்கம் கேட்கச் சொன்னார்.