அளக்காத சூடு

மில் விடுதியில் தவமணி தூக்கத்திலேயே செத்துப்போனாள். ஏதோ சீக்கு என்றார் முதலாளி மாசிலாமணி. வெக்கைதான் கொன்றது என்று பக்கத்தில் படுத்திருந்த பொற்கொடிக்குத் தெரியும்.

விசாரிக்க அதிகாரி வருகிறார் என்றதும் முதலாளி பெண்களையெல்லாம் மொட்டைமாடிக்கு விரட்டினார். பொற்கொடியை மட்டும் அறையில் நிறுத்தினார்.

"குளுகுளுன்னு இருக்குன்னு சொல்லணும். மாத்திச் சொன்னே, இன்னைக்கே மூட்டையைக் கட்டு."

அதிகாரி வந்தார். அறை சில்லென்றிருந்தது.

"இன்ஜினியரை வச்சு அறையை அளந்துதான் ஏசி வாங்கினேன் சார்," என்று மீசையைத் தடவினார் முதலாளி. "ஏம்மா, நீயே சொல்லு."

"ரொம்பக் குளிருதுங்க அய்யா. எல்லாம் முதலாளி புண்ணியம். மத்தவங்கதான் பாவம், மாடியில வெயில்ல நிக்கிறாங்க. அவங்களும் வந்து படுக்கட்டுமே?"

முதலாளி வாயைத் திறக்குமுன் அதிகாரி கூப்பிட்டுவிட்டார். இருபது பேர் வந்து, தினமும் படுப்பது போலப் பாயோடு பாய் ஒட்டி விரித்தார்கள். பொற்கொடி கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம்தான். ஏசி உறுமியது, குளிர்ச்சி போன இடம் தெரியவில்லை. அதிகாரி கழுத்தைத் துடைத்தார். முதலாளியின் சட்டை முதுகோடு ஒட்டியது.

"அறையை அளந்தீங்க முதலாளி," என்றாள் பொற்கொடி. "எங்க உடம்புச் சூட்டை யாரு அளந்தா?"

மாசிலாமணி கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"எங்கே போறீங்க? உட்காருங்க," என்றார் அதிகாரி.

உட்கார ஓரிடம்தான் காலியாக இருந்தது. தவமணி படுத்த இடம்.