அங்காயி எடுத்த ஒன்பது கலம்

சத்தியம்! என் தலையில் மிச்சமிருக்கும் நாலு முடிமேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யானாலும் நாளைக்கே என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். இருப்பதே இரண்டுதான், அது வேறு விஷயம்.

முன்னொரு காலத்தில் ஏழுமுடி நாட்டை வீசுமீசை வர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவன் கிழக்கு வாசலில் நுழைந்தால் மீசையின் ஒரு நுனி வடக்கு வாசலிலும் மறுநுனி தெற்கு வாசலிலும் நுழையும். அந்த மீசையில் தினமும் காலையில் நெய் மினுங்கும். காரணம், கோட்டை வாசலில் அங்காயி சுட்டு விற்ற பணியாரம். அவ்வளவு லேசான பணியாரம் அது. காற்றடிக்கிற நாளில் நூல் போட்டுக் கட்டித்தான் கொடுப்பாள்.

அரிசிக்கு அவள் நம்பியிருந்தது அரண்மனைக் களஞ்சியத்தை. அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு செப்புப் பட்டயம் உண்டு. இத்தனை கலம் அரிசி வரை கடனாக எடுக்கலாம் என்று அதில் வெட்டியிருக்கும். அங்காயிக்குப் பத்துக் கலம். மாதாமாதம் ஒன்பது கலம் எடுப்பாள். திருப்பக் கெடு மூன்றாம் பிறை. அன்று சந்தையில் அரிசி வாங்கி, ஒரு மணி குறையாமல் அளந்து கொட்டிவிடுவாள். இருபது வருஷமாக ஒருநாள் பிசகியதில்லை.

இதெல்லாம் களஞ்சியத் தலைவர் மருதவாணருக்குக் கண்ணை உறுத்தியது. அந்தக் கடையைத் தன் மைத்துனனுக்கு வாங்கிக் கொடுக்க அவருக்கு ஆசை. மைத்துனன் சுட்ட பணியாரத்தை வைத்துத்தான் கோட்டைச் சுவரில் விழுந்த ஓட்டையை அடைத்தார்கள், இன்றுவரை கழன்று விழவில்லை.

ஒருநாள் அங்காயி பணியாரத் தட்டோடு சபைக்கு வந்திருந்தபோது மருதவாணர் எழுந்தார். "மகாராஜா, களஞ்சியக் கணக்கர் கொடுக்கும் நம்பிக்கைக் குறியில் எனக்கு நூற்றுக்கு எண்பத்தெட்டு. அந்தப் பணியாரக்காரிக்கு வெறும் ஐம்பத்திரண்டு! நம்பிக்கை இல்லாதவளுக்குக் கோட்டை வாசலிலா கடை? என் மைத்துனனுக்குக் கொடுங்கள். ஜாமீன் நான்."

ராஜாவுக்கு ஆச்சரியம். "இருபது வருஷம் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தவளுக்கா ஐம்பத்திரண்டு? என்ன கணக்கரே?"

கணக்கர் சிவக்கொழுந்து ஏட்டைப் புரட்டினார். "கெடு தவறாததற்குத்தான் அந்த ஐம்பத்திரண்டே, அரசே! பத்தில் ஒன்பது எடுத்து நிற்கிறாள். வீட்டில் என்ன நெருக்கடியோ என்று களஞ்சியம் பயப்படும். பத்தில் மூன்றைத் தாண்டினாலே குறி இறங்கும்."

ராஜாவின் மீசை துள்ளியது. வேடிக்கை பார்க்க ஆசை வந்துவிட்டது. "அங்காயி! வருகிற அமாவாசையன்று யார் குறி உயர்ந்ததோ அவர் பக்கத்துக்குக் கடை. ஆனால் ஒன்று, எனக்குப் பணியாரம் ஒன்றுகூடக் குறையக்கூடாது."

"போச்சு!" என்றார் மருதவாணர் சந்தோஷமாக. "அரிசி குறைவாக எடுத்தால் பணியாரம் இல்லை. எடுத்தால் குறி இல்லை."

கடை போனால் அங்காயிக்கு வேறு கதியில்லை. ஆனாலும் கணக்கரிடம் மெல்லக் கேட்டாள். "ஐயா, நான் எவ்வளவு எடுத்திருக்கிறேன் என்று நீங்கள் தினமுமா பார்க்கிறீர்கள்?"

"எனக்கென்ன வேறு வேலை இல்லையா, தாயீ? அமாவாசை காலையில் மட்டும் பார்ப்பேன்."

அங்காயிக்குச் சட்டென்று உறைத்தது. திருப்பும் நாள் மூன்றாம் பிறை. பார்க்கும் நாள் அமாவாசை. நாலுநாள் முந்தினால் என்ன?

அமாவாசைக்கு முதல்நாள் பகலில், பணியாரம் விற்ற காசையெல்லாம் திரட்டி எட்டுக் கலம் அரிசி வாங்கிக் களஞ்சியத்தில் கொட்டினாள். ஒரு கலத்தை மட்டும் மறுநாள் பணியாரத்துக்கு வைத்துக்கொண்டாள். பிறகு தட்டோடு சபைக்குப் போனாள்.

"என்ன, மூட்டை கட்டியாயிற்றா?" என்று சிரித்தார் மருதவாணர்.

"கட்ட வேண்டியதுதான் ஐயா. ஆனால் ஒரு சந்தேகம். உங்களிடம் இரண்டு பட்டயமாமே?"

"ஆமாம். அப்பா காலத்துப் பட்டயம் தொண்ணூறு கலத்துக்கு. அதை நான் தொட்டதே இல்லை. என் பட்டயம் பத்துக் கலத்துக்கு. அதில் ஒன்பது எடுத்திருக்கிறேன்."

"தொடாத பட்டயம் எதற்கு ஐயா? நாளைக்கு ஆசை வந்து எடுத்துவிடுவாரோ என்று ஊர் பேசாதா?"

தன் எண்பத்தெட்டு மட்டும் பதவியைப் பார்த்துக் கொடுத்தது என்று மருதவாணருக்கு நினைப்பு. "எனக்கா ஆசை? பார்!" என்று அப்பா பட்டயத்தைக் கொண்டுவரச் சொல்லிச் சபை நடுவே இரண்டாக உடைத்தார். கணக்கர் வாயைத் திறந்தார். "நீர் பேசாமல் இரும்!" என்றார் மருதவாணர். கணக்கர் ஏட்டை மூடிக்கொண்டார்.

மறுநாள் அமாவாசை. கணக்கர் வாசித்தார். "அங்காயி, பத்தில் ஒன்று. குறி தொண்ணூற்றொன்று. மருதவாணர், நேற்றுவரை நூறில் ஒன்பது. இன்று பத்தில் ஒன்பது. குறி நாற்பத்தொன்பது."

"மோசடி!" என்று அலறினார் மருதவாணர். "நாளைக்கே இவள் மறுபடி ஒன்பது கலம் எடுப்பாள்!"

"எடுப்பேன் ஐயா, ராஜா பசியோடு இருக்கலாமா?" என்றாள் அங்காயி.

"விதி மீறினாளா, கணக்கரே?" என்று கேட்டான் ராஜா.

"கெடுவுக்கு முன்பே கொடுத்தாள், அரசே. அது குற்றமென்றால் ஊரே ஜெயிலுக்குப் போகட்டும்."

ராஜா சிரித்த சிரிப்பில் மீசை வீசி, இரண்டு வாசல் காவலர்களும் குப்புற விழுந்தார்கள். "கடை அங்காயிக்கே! அவள் பட்டயத்தை ஐம்பது கலமாக ஏற்றுங்கள். ஒன்பது எடுத்தாலும் இனிக் குறி இறங்காது. ஆனால் அங்காயி, ஐம்பதையும் எடுத்துவிடாதே!"

"இலை பெரிசு என்பதற்காக வயிறு கிழியத் தின்பேனா, ராஜா?"

மருதவாணருக்குத் தண்டனை, ஒரு மாதம் அங்காயி கடையில் பணியாரம் திருப்புவது. முதல்நாளே விரலைச் சுட்டுக்கொண்டார்.

கதை இவ்வளவுதான். நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். மருதவாணர் வம்சத்தார் எங்கள் அடுத்த தெருவில்தான் இன்னும் பணியாரக் கடை வைத்திருக்கிறார்கள். கோபத்தில் ஒன்றை எடுத்து வீசினால் இருக்கிற இரண்டு பல்லும் போய்விடும்.